மூன்றாவது வாஷர்

ஆடிக் காற்றில் ஆயிரம் பீடி
பத்தமடை ரோட்டில் பறந்த அன்று
ராஜ்தூத்தை விற்றுவிடச் சொன்னேன்.
மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வந்தது.
பழைய இரும்புக் கடை மைதீன் பிச்சை
எடைக்குப் போட்டுக்கொடுத்தது.
யார் யார் படுத்ததோ என்றேன்.
"குழாய்க்கு ஏதுட்டி சீக்கு?"

பிறகு சேட்டக் ஸ்கூட்டர் சக்கரம்.
ஷேர் ஆட்டோ சீட்டில் பாதி.
மண்டபத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மை
நெடுக்காக அறுத்தார்,
இரண்டு தெருவுக்குத் தீய்ந்த வாடை.
பக்கத்து வீட்டு ஜெபக்கனி ஜன்னலைச் சாத்தினாள்.

உன் எடை என்ன என்று கேட்டார்.
பதினோரு வருஷத்தில் கேட்காத கேள்வி.
ஐம்பத்திரண்டு என்றேன்.
மின்சார பில் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டு
டவுனுக்குப் போய் ஸ்பிரிங் வாங்கி வந்தார்.

கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தண்ணி டியூபால்
வாசலில் மட்டம் பார்த்தார்.
சக்கரங்களை ஒட்டி
இரண்டு டியூப்லைட்டைப் படுக்கவைத்து
முன்னால் அளந்தார், பின்னால் அளந்தார்.
முன்பக்கம் முக்கால் இஞ்சு குறைய வேண்டுமாம்.
"நேரா வெச்சா நேராப் போவாதா?"
"நேரா வெச்சா கோணப் போவும்."
வண்டி வலப்பக்கம் ஒரு நூல் சாய்ந்து நிற்கணும்,
ஆள் ஏறினால் நிமிர்ந்துவிடும் என்றார்.
நாலு இடத்தில் பூட்டு.
நாலாவது போல்ட்டு மூன்று ராத்திரி மாட்டவில்லை.
குழாயைப் பிடித்தது நான்,
நகக்கண்ணில் புகையிலைத் தூளோடு,
வெல்டிங் வெளிச்சத்துக்கு முகம் திருப்பிக்கொண்டு.

முதல் ஓட்டம் தனியாகப் போனார்.
கன்னடியன் கால்வாய் ஓரம் இடப்பக்கம் ஒரு வளைவு.
ஆளில்லாத சக்கரம் கோழி போல எழும்பிவிட்டது.
சாய்ந்தே பழகிய உடம்பு சாய்ந்தது,
வண்டி சாயவில்லை.
இடுப்பளவு தண்ணீரில் நின்ற இவரிடம்
எருமை குளிப்பாட்டியவன் கேட்டானாம்:
"முப்பிடாதி அண்ணாச்சி, இது படகா?"

அப்புறம் சாக்கில் மணலைக் கட்டி
ரேஷன் கடைத் தராசில் ஐம்பத்திரண்டு நிறுத்து
சீட்டில் உட்காரவைத்தார்.
மூட்டையோடு சேரன்மாதேவி போய் வந்தார்.
மட்டம் இம்மி பிசகவில்லை.

மூட்டையை இறக்கிவிட்டு நான் ஏறினேன்.
டியூபில் தண்ணீர் அரை இஞ்சு இறங்கியது.

தரையில் மல்லாக்கப் படுத்துப் பார்த்தார்.
பற்றவைத்த இடமெல்லாம் சுத்தியலால் தட்டினார்.
நாலாவது போல்ட்டைக் கழற்றி மறுபடி பூட்டினார்.
மைதீன் பிச்சையைத் திட்டினார், கட்டிலைத் திட்டினார்.
நான் இலை வெட்டி, தூள் போட்டு,
சுருட்டி, கட்டி,
இருபத்தஞ்சு சேர்ந்ததும் ஒரு கட்டாக்கி
பதினாலு கட்டு ஆகும்வரை
வாயைத் திறக்கவில்லை.
கிரைண்டரைக் கையில் எடுத்தபோதுதான்
பொறுக்கமாட்டாமல் சொன்னேன்,
"அம்பத்தெட்டு."

சிரிக்கவில்லை.
அட்டையைத் தேடி அடித்துத் திருத்தினார்.
ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷர்.
தண்ணீர் ஏறி
கோட்டில் வந்து நின்றது.

இப்போது சனிக்கிழமை தோறும்
பீடிக் கடைக்கு இதில்தான் போகிறேன்.
ஆர்.சி. புக்கில் இன்னும் சக்கரம் இரண்டுதான்.
பின்னால் உட்கார்ந்த காலத்தில்
சட்டைக் காலரைத் தவிர
வழியில் எதையும் கண்டதில்லை.
இப்போது நாயும் நானும் ஒரே உயரம்,
லாரி டயர் முழுசாகத் தெரிகிறது.
பள்ளம் வருவது அவருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

வளைவு வந்தால் இன்னமும் சாயப் பார்க்கிறார்.
"சாயாதிய, திருப்புங்க!" என்று
மடியில் தட்டை அமுக்கிக்கொண்டு கத்துகிறேன்.

டூல் பெட்டியில், பேப்பரில் சுற்றி,
மூன்றாவது வாஷர் ஒன்று கிடந்தது நேற்று.
எதுக்கு என்றேன்.
"தீவாளி வருதுல்லா."